உழைத்ததெல்லாம் வீணா? ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியையின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு 47 வயது. எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 16 வருடமாக வகுப்பு எடுக்கிறேன். வேலை ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். போன வருடம், போகாத பயணத்துக்குப் பில் போட்டு என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். பதவி உயர்வு எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போய்விட்டது. சபையின் ஆண்டு விழாவில் ஊழியம் செய்கிறவர்களை மேடைக்கு அழைத்துப் பாராட்டினார்கள். ஆறு மாதத்துக்கு முன்பு வந்த இளம் ஆசிரியரைக் கூப்பிட்டார்கள். என் பெயர் பட்டியலிலேயே இல்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அழுததை நினைத்து வெட்கப்படவும் செய்தேன். என் வகுப்பில் எல்லாரையும்விட அதிகமாக வசனம் ஒப்புவித்த பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். ‘எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை டீச்சர்’ என்று போன மாதம் சொன்னான். மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. விசுவாசம் இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். கர்த்தர் இதையெல்லாம் பார்க்கிறாரா? பலனை எதிர்பார்ப்பது பாவமா? இந்த ஆண்டோடு வகுப்பை விட்டுவிடலாமா?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு, கர்த்தரின் நாமத்தில் வாழ்த்துதல்.

விசுவாசம் இல்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. விசுவாசம் இல்லாதவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அவர்களுக்குக் கர்த்தர் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன? அவர் நீதியுள்ளவர் என்று நம்புகிறவர்களுக்குத்தான் இது வலிக்கும். உங்களுக்கு முன்பே இதைக் கேட்டவர் ஒருவர் வேதாகமத்தில் இருக்கிறார். உங்களைப் போலவே அவரும் ஊழியத்தில் இருந்தவர்தான். ஆசாப், கர்த்தருடைய பெட்டிக்கு முன்பாகப் பாட தாவீது ஏற்படுத்தின பாடகர்களுக்குத் தலைவன், கைத்தாளம் கொட்டுகிறவன். 73-ஆம் சங்கீதத்தில் அவர் சொல்வதை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்: “நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணி, குற்றமில்லாமையிலே என் கைகளைக் கழுவினேன்.” பொய்ப் பில்லில் கையெழுத்துப் போட மறுத்து, அதனால் பதவி உயர்வை இழந்த ஒருவர் எழுதின வரி போலவே இருக்கிறதல்லவா? இப்படி ஒரு வரியைத் தேவன் தம்முடைய புத்தகத்திலிருந்து எடுத்துவிடவில்லை. ஆராதனையில் பாடும்படி வைத்திருக்கிறார்.

அதே சங்கீதத்தின் 15-ஆம் வசனத்தையும் கவனியுங்கள். இவ்விதமாய்ப் பேசினால் உம்முடைய பிள்ளைகளின் சந்ததிக்குத் துரோகியாவேன் என்கிறார் ஆசாப். மனதில் இருப்பதை வெளியே கொட்டினால் சின்னவர்கள் இடறிப்போவார்களே என்ற பயம் அது. நீங்களும் அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ‘டீச்சரே இப்படிப் பேசினால்?’ என்று. ஆசாப் அதைச் சுமந்துகொண்டு தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனார். துன்மார்க்கர் செழித்திருப்பதைப் பார்த்துத்தான் அவர் இப்படி மனம் கசந்திருந்தார். அவர் உள்ளே போய் வருவதற்குள் அவர்கள் விழுந்துவிட்டதாக அங்கே எழுதியில்லை. வெளியே எல்லாம் அப்படியே இருந்தது. அவருக்கோ, “ஆனாலும் நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன், என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர்” என்று சொல்ல முடிந்தது. நீங்கள் எனக்கு எழுதினதை இன்னும் ஜெபத்தில் சொல்லாமல் இருந்தால், இதே வார்த்தைகளில், நாகரிகப்படுத்தாமல், அவரிடமும் சொல்லுங்கள்.

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆலோசனைக்கு வரும் பலர், கடைசியில், போகிற போக்கில் சொல்வது இதைத்தான். முதலில் கவனிக்க வேண்டியதும் இதுதான். மூன்று மாதம் சரியாகத் தூங்காத ஒருவருக்கு ஊழியம் பாரமாகத்தான் தெரியும், கர்த்தர் தூரமாகத்தான் தெரிவார். இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகை, தைராய்டு, உங்கள் வயதில் உடலில் வரும் மாற்றங்கள், மன அழுத்தம் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா இந்த நிலையில்தான் இருந்தார். கர்மேல் பர்வதத்தில் வானத்திலிருந்து அக்கினி இறங்கினதைக் கண்ணால் பார்த்தவர். யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலுக்குப் பிறகு வனாந்தரத்தில் ஒரு நாள் பிரயாணம் நடந்துபோய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்றார். அப்படியே தூங்கிப்போனார். தூதன் வந்து தட்டி எழுப்பினான். ‘தீர்க்கதரிசியே, நீயே இப்படிப் பேசலாமா?’ என்று கேட்கவில்லை. விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்றான், அவ்வளவுதான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. அவர் சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்றான். இவ்வளவு தூரம் நடக்க எலியாவின் சரீரத்தில் இப்போது பெலன் போதாது என்று கர்த்தருக்குத் தெரிந்திருந்தது. “இங்கே உனக்கு என்ன காரியம்?” என்ற கேள்வி, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நாற்பது நாள் நடைக்கும் பிறகு, ஓரேப் மலையில்தான் வந்தது.

அதனால், வகுப்பை விடுவதா வேண்டாமா என்ற முடிவை இப்போது எடுக்காதீர்கள். சூரைச்செடியின் கீழ் இருக்கும்போது எடுக்கிற முடிவு எலியாவுக்கே சரியாக வரவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பலனை எதிர்பார்ப்பது பாவமா? இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. பாவமில்லை. “தேவனிடத்தில் சேருகிறவன் அவர் உண்டென்றும், அவர் தம்மைத் தேடுகிறவர்களுக்குப் பலன் அளிக்கிறவரென்றும் விசுவாசிக்கவேண்டும்” என்கிறது எபிரெயர் 11:6. அவர் இருக்கிறார் என்று நம்புவதும், பலன் தருகிறவர் என்று நம்புவதும் அந்த வசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மோசே பலன்மேல் நோக்கமாயிருந்தார் என்று அதே அதிகாரம் அவரைப் பாராட்டுகிறது. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர், தருமத்துக்கும் ஜெபத்துக்கும் உபவாசத்துக்கும் தனித்தனியாக, அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா பலனளிப்பார் என்று மூன்று தரம் சொல்கிறார். ‘பலனை எண்ணாமல் உழைப்பதே உயர்ந்தது’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இயேசு தம்முடைய சீஷர்களிடம் அப்படிப் பேசவில்லை.

ஆனால் எந்தப் பலன், எப்போது என்பதில்தான் நமக்குத் தப்பான கணக்கைச் சொல்லித் தந்துவிட்டார்கள். ‘கர்த்தருக்குச் செய், அவர் நூறத்தனையாகத் திருப்பித் தருவார்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் மாற்கு 10-ஆம் அதிகாரத்தைப் பாதி வாசித்து நிறுத்திவிடுகிறார்கள். “இப்பொழுது இம்மையிலே, துன்பங்களோடேகூட” என்றுதான் ஆண்டவர் அந்த நூறத்தனையைச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் பிரசங்கித்தால், உண்மையாய் நடந்து பதவி உயர்வை இழந்த சகோதரி வீட்டில் உட்கார்ந்து ‘என்னிடம் ஏதோ குறை’ என்றுதான் அழுவார். உங்களிடம் குறை இல்லை. பொய்க் கணக்கில் கையெழுத்திட மறுத்ததற்கு விலை இருந்தது. அந்த விலையை நீங்கள் கொடுத்தீர்கள். அதைக் கர்த்தர் பார்த்தார்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எபிரெயர் 6:10-ஐப் பாருங்கள். “உங்கள் கிரியையையும்... தமது நாமத்திற்காகக் காண்பித்த அன்புள்ள பிரயாசத்தையும் மறந்துவிடுகிறதற்கு தேவன் அநீதியுள்ளவரல்லவே.” இதை எழுதினவர் தேவனுடைய இரக்கத்தைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை, அவருடைய நீதியைக் கூப்பிடுகிறார். உங்கள் 16 வருடத்தை அவர் மறந்துவிட்டால் அது அவருக்கு அநீதி. அப்படியானால் உங்கள் பலன் உங்கள் அதிகாரியின் மனநிலையிலோ சபைக் கமிட்டியின் ஞாபகசக்தியிலோ தொங்கிக்கொண்டிருக்கவில்லை. தேவன் தேவனாக இருக்கும்வரை அது பத்திரமாக இருக்கிறது.

இனி அந்த மேடையைப் பற்றி. இதைச் சின்ன விஷயம் என்று நான் தள்ளப் போவதில்லை. ‘மனுஷருடைய புகழ்ச்சியைத் தேடக்கூடாது சிஸ்டர்’ என்று சபையில் யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது சரியான வசனத்தைத் தவறான ஆளிடம் சொன்னது. புகழைத் தேடி ஓடுகிறவர்களுக்கு அந்த எச்சரிப்பு. 16 வருடம் சனிக்கிழமை இரவுகளில் பாடம் ஆயத்தம் பண்ணின ஒருவரை மறந்துபோன சபைக்கு வேறு வசனம் இருக்கிறது. ரோமர் 16-ஆம் அதிகாரம். வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் வேகமாகத் தாண்டிப் போகிற பகுதி.

பவுல் அந்த நிருபத்தை எழுதும்போது ரோமாபுரிக்குப் போனதே இல்லை. போகாத ஊர் சபையில் யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. “எங்களுக்காக மிகவும் பிரயாசப்பட்ட மரியாளை வாழ்த்துங்கள்” என்கிறார். திரிபேனாளையும் திரிபோசாளையும் சொல்கிறார். “கர்த்தருக்குள் மிகவும் பிரயாசப்பட்ட பிரியமான பெர்சியாளை வாழ்த்துங்கள்” என்கிறார். இந்தப் பெர்சியாள் யார்? அவள் செய்த வேலை என்ன? வேதாகமத்தில் வேறெங்கும் அவள் பெயர் இல்லை. மிகவும் பாடுபட்டாள் என்பது மட்டும் நமக்குத் தெரியும். ரூப்பின் அம்மாவைச் சொல்லும்போது, எனக்கும் அவள் தாய் என்கிறார். நிருபத்தைச் சொல்லச் சொல்ல எழுதின தெர்தியு என்பவனுக்கும் தன் பெயரில் ஒரு வரி வாழ்த்துச் சொல்ல இடம் கிடைக்கிறது. பெரிய உபதேசங்கள் நிறைந்த நிருபத்தை இப்படித்தான் பரிசுத்த ஆவியானவர் முடிக்க வைத்தார். உழைத்தவர்களின் பெயரைச் சொல்லி நன்றி சொல்வது ஒரு சபையின் கடமை. உங்கள் சபை அதில் தவறியது. நீங்கள் அழுததற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் சகோதரி, அந்த இளம் ஆசிரியர் விஷயத்தில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். உங்கள் கடிதத்தில் ‘ஆறு மாதத்துக்கு முன்பு வந்த’ என்ற வார்த்தைகளை அடிக்கோடிட்டிருந்தீர்கள். பேதுரு ஒருமுறை, நாங்கள் எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை; நிறையக் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தார். உடனே திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையைச் சொன்னார். அதில் நான் எப்போதும் நின்று யோசிக்கிற இடம், கூலி கொடுக்கிற வரிசை. எஜமான், பிந்தி வந்தவர்கள் தொடங்கி முந்தி வந்தவர்கள் வரைக்கும் கொடுக்கச் சொல்கிறான். விடியற்காலையில் வந்தவனுக்கு முதலில் அவன் பணத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தால், அவன் பேசின கூலி கிடைத்த திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்பான். முறுமுறுப்பு அவன் கையில் இருந்த காசினால் வரவில்லை. பக்கத்து ஆளின் கையைப் பார்த்ததும் வந்தது. எஜமான் வேண்டுமென்றே அந்த வரிசையை வைத்தான். அவர்கள் உள்ளத்தில் இருப்பது அவர்களுக்கே தெரிய வேண்டும் என்று வைத்தானோ என்று எனக்குத் தோன்றும்.

உங்களை மறந்தது ஒரு காரியம், அவரைப் பாராட்டியது வேறு காரியம். இரண்டையும் பிரித்து வையுங்கள். முதலாவதற்காக வருத்தப்படலாம். இரண்டாவதற்காக அவரிடம் மனம் கசந்தால், அது உங்கள் வகுப்பறைக்குள் வந்துவிடும். முடிந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களே போய் அவருடைய வகுப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் ஆறு மாதத்தில் ஒரு ஆசிரியருக்கு மேடைப் பாராட்டைவிட, பல வருடம் அதே வேலையைச் செய்த ஒருவர் தோளில் தட்டிச் சொல்கிற வார்த்தைதான் வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தப் பையன்தான். பதவி உயர்வும் மேடையும் வலித்திருக்கும். ஆனால் உங்களை உடைத்தது ‘நம்பிக்கை இல்லை டீச்சர்’ என்ற அந்த வார்த்தை. அந்த இடத்தில்தான் ‘என் உழைப்பெல்லாம் வீண்’ என்ற எண்ணம் பிறக்கிறது.

கொரிந்து சபையில் பவுல் பெரியவனா அப்பொல்லோ பெரியவனா என்று சண்டை வந்தபோது பவுல் சொன்னதை ஞாபகப்படுத்துகிறேன். “நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்.” இது எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு இரண்டு வசனம் தள்ளி, அவனவன் தன்தன் வேலைக்குத் தக்கதாய்க் கூலியைப் பெறுவான் என்று இருப்பதை நாம் கவனிப்பதில்லை. விளைச்சலுக்குத் தக்கதாய் என்று அங்கே இல்லை, வேலைக்குத் தக்கதாய் என்றிருக்கிறது. விளையச்செய்வது தேவனுடைய பங்கு என்றால், அதற்கான கணக்கை அவர் உங்களிடம் கேட்க மாட்டார். நட்டதற்கும் நீர் ஊற்றினதற்கும் உங்களுக்குரிய கூலி, அந்தப் பையன் இன்றைக்கு எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்துக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. சகோதரி, கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற உங்களுக்கு இது சட்டென்று புரியும்: உங்கள் பேரேட்டில் எழுத வேண்டியதல்லாத ஒரு பற்றை நீங்கள் இத்தனை மாதமாக உங்கள் பெயரில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

ஏசாயா 49-இல் கர்த்தருடைய தாசன் பேசுகிறார். “விருதாவாய் உழைக்கிறேன், வீணும் வியர்த்தமுமாய் என் பெலனைச் செலவழிக்கிறேன், ஆகிலும் என் நியாயம் கர்த்தரிடத்திலும், என் பலன் என் தேவனிடத்திலும் இருக்கிறது.” கிறிஸ்தவர்கள் இந்தத் தாசனில் இயேசுவையே காண்கிறோம். ‘வீண்’ என்ற உணர்வு அவருக்கே அந்நியமில்லை என்றால், உங்களுக்கு வந்ததில் ஆச்சரியம் என்ன? அவர் மூன்றரை வருடம் கற்பித்த பன்னிரண்டு பேரில் ஒருவன் காட்டிக்கொடுத்தான், ஒருவன் மறுதலித்தான், மற்றவர்கள் ஓடிப்போனார்கள்.

நாம் கையில் வைத்திருக்கும் தமிழ் வேதாகமத்தின் கதையே இதற்கு ஒரு சாட்சி. ஜெர்மன் மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அனுப்பினது டென்மார்க் ராஜா. ஆனால் அங்கிருந்த டென்மார்க்கு அதிகாரியே அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். ஆதியாகமத்திலிருந்து ரூத் புத்தகம் வரை வந்தார். 1719-இல், 36 வயதில், இறந்துபோனார். சங்கீதங்களுக்கு அவர் வரவே இல்லை. ஏசாயாவுக்கு வரவே இல்லை. நான் மேலே உங்களுக்கு எடுத்துக் காட்டின ஆசாபின் சங்கீதத்தைத் தமிழில் தர அவருக்கு நாள் போதவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து பெஞ்சமின் ஷூல்ட்சே என்ற மிஷனரி தொடர்ந்து முடித்தார். பிறகு பப்ரீசியஸ் தொடங்கிப் பலர் அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். ரூத்தின் கடைசி வசனத்தை எழுதி முடித்த நாளில் சீகன்பால்கு இதையெல்லாம் பார்த்திருக்க முடியாது. பாதியில் நின்றுபோன ஒரு வேலையைத்தான் பார்த்திருப்பார்.

எலியாவுக்கும் இப்படித்தான். ஓரேபில் கர்த்தர் அவருக்கு மூன்று பேரை அபிஷேகம்பண்ணச் சொன்னார்: ராஜாக்களாக ஆசகேல், யெகூ; தீர்க்கதரிசியாக எலிசா. அவர் நேரில் போய்ச் சந்தித்தது எலிசாவை மட்டும்தான். மற்ற இருவரின் காரியமும் அவர் எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகு, எலிசாவின் நாட்களில் நடந்தது. ‘நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்’ என்று இரண்டு தரம் முறையிட்டவருக்கு, பாகால் என்ற விக்கிரகத்துக்கு முழங்கால் முடங்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கர்த்தர் சொன்னார். அந்த ஏழாயிரம் பேரில் ஒருவரையாவது எலியா சந்தித்தார் என்று எழுதப்படவில்லை.

அந்தப் பையன் உங்களிடம் வந்து சொன்னான் என்பதை மறந்துவிடாதீர்கள். நம்பிக்கை போய்விட்டது என்பதை யாரிடமும் சொல்லாமலே அவன் விலகிப் போயிருக்கலாம். பல வருடம் கழித்துத் தன் ஞாயிறு பள்ளி டீச்சரைத் தேடி வந்து சொல்கிறான் என்றால், உண்மையைச் சொன்னால் இவர் என்னைத் தள்ளிவிட மாட்டார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அது 16 வருடத்தில் நீங்கள் சம்பாதித்தது. அவனோடு வாதாடாதீர்கள். ‘எப்போதிருந்து அப்படித் தோன்றுகிறது?’ என்று கேட்டுவிட்டு, அவன் பேசுவதைக் கேளுங்கள். பிறந்தநாளில் கூப்பிடுங்கள். தினமும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அதை அவனிடம் அடிக்கடி சொல்லிக் காட்ட வேண்டாம்.

அலுவலக விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பொறுமையோடு உழைப்பது என்றால் அநியாயத்தை வாய் பேசாமல் சகிப்பது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். “எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்” என்ற வசனம் (கொலோசெயர் 3:23) முதலில் அடிமைகளுக்குப் பவுல் எழுதினது. ரோமச் சட்டத்தில் சொந்தமாகச் சொத்துரிமையே இல்லாத அவர்களுக்குத்தான், சுதந்தரத்தின் (அதாவது பிதுரார்ஜிதச் சொத்தின்) பலனைக் கர்த்தரிடத்தில் பெறுவீர்கள் என்று அடுத்த வசனம் சொல்கிறது. அதோடு நிற்கவும் இல்லை. அநியாயஞ்செய்கிறவன் அதற்கேற்ற பலனை அடைவான், பட்சபாதமே இல்லை என்று தொடர்கிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம் எஜமான்களைப் பார்த்து, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார், நீதியாய் நடங்கள் என்று கட்டளையிடுகிறது. அதே பவுல், பிலிப்பி பட்டணத்து அதிகாரிகள் தம்மை விசாரணையில்லாமல் அடித்து உள்ளே போட்டுவிட்டு, மறுநாள் ‘சத்தமில்லாமல் போய்விடுங்கள்’ என்று சொல்லியனுப்பினபோது, போக மறுத்தார். நாங்கள் ரோமக் குடியுரிமை உள்ளவர்கள், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார்.

அதனால் நீங்களும் கேட்கலாம். பதவி உயர்வு ஏன் மறுக்கப்பட்டது என்று மேலதிகாரியிடம் மரியாதையோடு, எழுத்தில், கேளுங்கள். குற்றம்சாட்டும் தொனி வேண்டாம்; உங்கள் வேலையின் விவரங்களை இணைத்து, என் தகுதியில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டால் போதும். அந்தப் பில் சம்பவத்தின் தேதி, யார் கேட்டார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதைத் தனியாக எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கணக்கில் பிரச்சினை வெடிக்கிற நாளில் கையெழுத்துப் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒரே கயிற்றில் கட்டப் பார்ப்பார்கள். திரும்பவும் பொய்க் கையெழுத்துக் கேட்டால், வேறு வேலை தேடுவதும் உண்மையுள்ள ஒரு தீர்மானமே.

கடைசிக் கேள்வி. வகுப்பை விடலாமா?

“நன்மைசெய்கிறதில் சோர்ந்துபோகாமல் இருப்போமாக; நாம் தளர்ந்துபோகாதிருந்தால் ஏற்றகாலத்தில் அறுப்போம்.” கலாத்தியர் 6:9. களைத்துப்போனவர்களிடம் இந்த வசனத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனம், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. ஆறாம் வசனம், உபதேசிக்கிறவரோடு சகல நன்மைகளையும் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறது. இந்த இரண்டையும் சபை செய்தால்தான் ஒன்பதாம் வசனத்தை ஒரு ஆசிரியரால் கைக்கொள்ள முடியும். 16 வருடம் துணை ஆசிரியர் இல்லாமல், ஓய்வு இல்லாமல் ஒருவரே ஒரு வகுப்பைச் சுமந்திருந்தால், தவறு தளர்ந்துபோனவரிடத்தில் இல்லை.

உதவி கேட்பதை ஆவிக்குரிய தோல்வி என்று நினைக்காதீர்கள். பவுல் மரணத்துக்கு முன் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, நீதியின் கிரீடம் எனக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்கிறார். ஐந்து வசனம் தாண்டி, துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா என்றும், இன்னும் சில வசனம் தள்ளி, மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேரப் பார் என்றும் கேட்கிறார். கிரீடத்தை நம்பினவருக்குக் குளிரும் அடித்தது. அதையும் வெட்கப்படாமல் எழுதினார்.

நான் உங்களுக்குச் சொல்வது இது. இரண்டு மாத விடுப்புக் கேளுங்கள். ராஜினாமா வேண்டாம், விடுப்பு. இந்த வாரமே உங்கள் போதகரைத் தனியாகச் சந்தித்துக் கேளுங்கள். அந்த இரண்டு மாதத்துக்கு வகுப்பை அந்த இளம் ஆசிரியரிடம் ஒப்படைக்க நீங்களே பரிந்துரை செய்யுங்கள். உங்கள் பாடக் குறிப்புகளையும் அவரிடம் கொடுங்கள். ஆண்டு விழாவில் என் பெயர் விடுபட்டது எனக்கு வலித்தது என்பதையும் போதகரிடம் நேராகச் சொல்லுங்கள். சுற்றிவளைக்க வேண்டாம், மூன்றாம் ஆள் மூலம் சொல்லவும் வேண்டாம். பெரும்பாலும் அது கவனக்குறைவாக இருக்கும். எப்போதும் இருக்கிறவர்களின் பெயர்தான் பட்டியலில் முதலில் விடுபடும். அவர்கள் இருப்பார்கள் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். அவர் மன்னிப்புக் கேட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்காவிட்டாலும் நீங்கள் சொன்னது சரிதான்.

விடுப்பு நாட்களில் ஞாயிறு ஆராதனைக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்கும் எதுவும் சொல்லித் தராமல் வசனத்தைக் கேளுங்கள். நன்றாகத் தூங்குங்கள். இரண்டு மாதம் முடியும்போது உங்களையே ஒன்று கேளுங்கள்: அந்தப் பிள்ளைகளின் முகங்கள் ஞாபகத்துக்கு வருகிறதா, அல்லது விட்டதே நிம்மதி என்றிருக்கிறதா? முகங்கள் வந்தால் திரும்பிப் போங்கள், ஆனால் ஒரு துணை ஆசிரியரோடு. நிம்மதி மட்டும்தான் என்றால், 16 வருட வேலையை ஒப்புக்கொடுத்துவிட்டு, புதிய ஆசிரியர்களைப் பழக்குவதுபோல் வேறொரு பணியை எடுத்துக்கொள்ளலாம். அதில் குற்ற உணர்வு தேவையில்லை. எலியா எலிசாவின்மேல் தன் சால்வையைப் போட்டதும் ஊழியத்தின் ஒரு பகுதிதான்.

மருத்துவர் என்ன சொன்னார், போதகர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அந்தப் பையனுக்காக நானும் ஜெபிக்கத் தொடங்கிவிட்டேன். அவன் பெயரை நீங்கள் எழுதவில்லை, அது வேண்டியதுமில்லை.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்